படையில்லாப் பிரதமர்கள்

வியட்நாம் போர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் யார்? ஹோ சி மின், ஜெனரல் கியாப், அமெரிக்க அதிபர் ஜான்சன். தென் வியட்நாம் என்றாலோ இராணுவச் சீருடைதான் கண்முன் நிற்கிறது. 1964, 1965ஆம் ஆண்டுகளில் அந்நாட்டை ஆள முயன்ற ஓர் ஆசிரியரையும், ஒரு மருத்துவரையும், ஒரு வேளாண் பொறியியலாளரையும் வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்து விடுகின்றன. அந்த வரிகளிலும் 'திறமையற்றவர்கள்' என்ற முத்திரையே குத்தப்பட்டிருக்கும். இம்முத்திரை நியாயமானதுதானா?

டிரான் வான் ஹுவோங், பான் ஹுய் குவாட், பான் காக் சு ஆகிய அம்மூவரும் கோழைகள் அல்லர். அதிபர் டியெம் அசைக்க முடியாதவராக இருந்த 1960 ஏப்ரலில், சைகோன் காரவெல் விடுதியில் வெளியிடப்பட்ட கண்டன அறிக்கையில் ஒப்பமிட்ட 18 பேரில் மூவரும் அடங்குவர். அவ்வாண்டு நவம்பரில் நிகழ்ந்த இராணுவக் கிளர்ச்சி தோற்றபின் ஹுவோங்கும் சுவும் சிறை சென்றனர். சுவுக்குப் பிரெஞ்சுக்காரர்களின் சிறை முன்பே பழக்கமானது.

1963 நவம்பரில் தளபதிகள் டியெமைக் கவிழ்த்தார்கள், அவர் கொல்லப்பட்டார். அதன்பின் தளபதிகளே ஒருவரையொருவர் கவிழ்க்கத் தொடங்கினர். நாடு தள்ளாடவே, 1964 அக்டோபரில் சு நாட்டுத் தலைவரானார். அடுத்து ஹுவோங் பிரதமரானார். நாற்காலி கிடைத்தது. படை? அது தளபதிகளிடம். பணம்? அது வாஷிங்டனிடம். மக்களைத் திரட்ட ஒரு கட்சியாவது இருந்ததா என்றால், அதுவும் இல்லை. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். இவர்களுக்கோ எத்தனை பக்கம் என்று எண்ணக்கூட முடியவில்லை.

நாமும் மாணவர்கள் என்பதால் அடுத்ததைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. சமயத்தையும் மாணவர்களையும் அரசியலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்றார் ஹுவோங். விளைவு? பதவியேற்ற மாதமே தெருவில் மாணவர் கலவரம். பௌத்தத் துறவிகளின் உண்ணாநோன்பு. டிசம்பரில் தளபதிகள் உயர் தேசிய மன்றத்தை ஒரே இரவில் கலைத்தனர். 1965 ஜனவரி 27ஆம் நாள் ஜெனரல் கான் ஹுவோங்கை வீட்டுக்கு அனுப்பினார். ஹுவோங்கின் பிடிவாதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால், அவரை வீழ்த்தியதால் போராடியவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1966இல் டா நாங்கிலும் ஹுவேயிலும் பௌத்தர் இயக்கத்தை இராணுவ அரசு துப்பாக்கியால் அடக்கியது. 1968இல் பொது அணிதிரட்டல் சட்டம் 18 வயது இளைஞர்களைப் போருக்கு அழைத்தது.

பிப்ரவரியில் மருத்துவர் குவாட் பிரதமரானார். மார்ச் 8ஆம் நாள் ஏறத்தாழ 3,500 அமெரிக்கக் கடற்படை வீரர்கள் டா நாங் கரையில் இறங்கினர். அவர்கள் இறங்கும் வேளையில்தான் பிரதமர் தரப்புக்குச் செய்தியே வந்தது என்றும், கூட்டறிக்கையை அவசர அவசரமாக எழுத வேண்டியிருந்தது என்றும் குவாட்டின் உதவியாளர் புய் டியெம் பின்னாளில் பதிவு செய்துள்ளார். சொந்த வீட்டில் விருந்தாளியைப் போல் நின்ற ஒரு பிரதமரை 'திறமையற்றவர்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனினும், இவர்கள் மீது தவறே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. மே மாதம் குவாட் ஐந்து அமைச்சர்களை மாற்ற விரும்பினார்; இருவர் விலக மறுத்தனர். அவர்களை நீக்கத் தற்காலிக அரசியல் சாசனத்தில் இடமில்லை என்றார் சு. காரவெல் அறிக்கையில் சேர்ந்து கையெழுத்திட்ட அதே இருவர்! விட்டுக் கொடுக்க இருவருக்கும் மனமில்லை. சாசனத்தின் சொற்களை வைத்து இவர்கள் வழக்காடிக்கொண்டிருந்தபோது வாசலில் தளபதிகள் காத்திருந்தார்கள். என் பார்வையில், தளபதிகள் பிடுங்குவதற்கு முன்பே இவர்கள் ஆட்சியைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஜூனில் நுயென் வான் தியூ நாட்டுத் தலைவராகவும் விமானப்படைத் தளபதி நுயென் காவ் கி பிரதமராகவும் அமர்ந்தனர்.

1967 தேர்தலில் சுவும் ஹுவோங்கும் தனித்தனியே போட்டியிட்டுத் தோற்றனர். ஏறத்தாழ 35 விழுக்காட்டு வாக்குகளே பெற்ற தியூ–கி அணி வென்றது. குடிமக்கள் தரப்பு வாக்குகள் பத்து அணிகளுக்குச் சிதறின. பட்டும் பாடம் கற்கவில்லையே என்ற ஆதங்கம் இங்குதான் எழுகிறது.

சு 1970இல் காலமானார். 1975க்குப் பின் கைதான குவாட், 1979இல் சி ஹோவா சிறையில் உயிர்நீத்தார். தியூ பதவி விலகியதும் துணை அதிபராயிருந்த முதியவர் ஹுவோங், 1975 ஏப்ரல் 21 முதல் ஒரு வாரம் அதிபராக இருந்து, 28ஆம் நாள் ஜெனரல் மின்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1963இல் டியெமைக் கவிழ்த்தவர் அதே மின்தான். தியூவும் கியும் வெளிநாடு சென்றுவிட்டனர். ஹுவோங் போகவில்லை; 1982இல் மறையும்வரை அந்நகரிலேயே வாழ்ந்தார்.