எத்தனை பவுன் அணிந்து செல்லலாம்?



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் பெற்றோர்களில் பலர் தமிழ்நாட்டுப் பயணத்திற்கு ஆயத்தமாகிவிடுவர். கோயில் வழிபாடு, உறவினர் திருமணம், சேலை வாங்குதல் என்று காரணங்கள் பல. ஆனால் தாய்மார்கள் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றுதான். "சென்னையில் இறங்கும்போது எத்தனை பவுன் போட்டுக்கொண்டு போகலாம்?"

இக்கேள்விக்கு ஒரே வரியில் விடை கூற முடியாதபடி சுங்க விதிகள் நெடுங்காலம் இருந்து வந்தன. 2026-இல் இந்திய அரசு அவற்றைத் திருத்தியுள்ளது, வரவேற்கலாம். ஆயினும், அளவை உயர்த்துவது வேறு, விதியை எளிமையாக்குவது வேறு. முதலாவது நடந்திருக்கிறது. இரண்டாவது பாதியில் நிற்கிறது என்பதே என் கருத்து.

முதலில் பழைய கதையைப் பார்ப்போம். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பும் பெண் பயணி 20,000 ரூபாய், ஆண் பயணி 10,000 ரூபாய் மதிப்புள்ள நகையைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்று 1991-இல் வரையறுத்தார்கள். அப்போது பத்து கிராம் தங்கம் ஏறத்தாழ 3,400 ரூபாய். ஆகவே அந்தப் பெண்ணுக்கு ஏழு பவுன் வரை இடமிருந்தது. அதன்பின் தங்கம் ஏறிக்கொண்டே போனது, விதி அசையவில்லை. 2012-இல் பத்து கிராம் 30,000 ரூபாயைத் தொட்டபோது, அதே 20,000 ரூபாய்க்கு ஒரு பவுன்கூடத் தேறவில்லை! பயணிகள் துன்புறுத்தப்படுகின்றனர் என்ற முறையீட்டை ஏற்று, நிதியமைச்சர் ப.சிதம்பரம் 2013 வரவு செலவுத் திட்டத்தில் வரம்பைப் பெண்களுக்கு ஓர் இலட்சமாகவும் ஆண்களுக்கு 50,000 ஆகவும் உயர்த்தினார்.

நோய் தீர்ந்ததா? இல்லை. 2016-இல் வந்த பயணச்சுமை விதிகள் பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் என்று எடையைச் சொல்லிவிட்டு, அதன் தலையில் அதே பண வரம்பையும் ஏற்றி வைத்தன. 2025-இல் பத்து கிராம் ஓர் இலட்சத்தைத் தாண்டியதும், தாளில் 40 கிராமாக இருந்தது நடைமுறையில் பத்து கிராமுக்கும் குறைவாகச் சுருங்கியது. விதியைப் படித்துவிட்டு ஐந்து பவுனோடு வந்த பெண்மணி, தாம் அறியாமலேயே குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஐந்தாம் வகுப்பு மாணவனிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தால், விலை மாறும் பொருளுக்குப் பணத்தில் எல்லை போடக்கூடாது என்று அவனே சொல்லிவிடுவான். மேலிடத்தில் அதை உணர முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

அதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. அந்த 2016 விதிகள், அன்றாடத் தேவைக்கான சொந்தப் பொருள்களுக்கு விலக்களித்தன. ஆனால் சொந்தப் பொருள் என்பதில் நகை சேராது என்று எழுதி வைத்தன. நகைச் சலுகையோ 'இந்தியாவுக்குத் திரும்புவோர்' என்று பேசிற்று. நாம் திரும்புவோரா? நம் பாட்டனார் கப்பலேறி வந்து நூறாண்டு ஆகிறது. நாம் சுற்றுலாப் பயணிகள். அப்படியானால் கழுத்தில் கிடக்கும் தாலி எந்தக் கணக்கில் சேரும்?

இது கற்பனைக் கேள்வி அன்று. இலங்கையைச் சேர்ந்த, புதிதாக மணமான தமிழ்ப்பெண் ஒருவர் 2023 டிசம்பரில் சென்னை வானூர்தி நிலையத்தில் இறங்கியபோது, அவர் அணிந்திருந்த 88 கிராம் தாலிக்கொடியைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். பதினொரு பவுன்! அவர் வழக்குத் தொடுத்தார். 2025 தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி, தாலியைத் திருப்பித் தரும்படி ஆணையிட்டதோடு, அதைக் கழற்ற வைத்த செயலையும் கடுமையாகக் கண்டித்தார். நீதி கிடைத்தது. ஆனால் ஓராண்டுக்கு மேல் அந்தப் பெண் தாலியின்றி இருந்தாரே, அதற்கு யார் ஈடு செய்வார்?

அதிகாரிகள் மீது மட்டும் பழி போடுவது முறையன்று. சென்னைக்கும் திருச்சிக்கும் செல்லும் வானூர்திகளில் 'குருவிகள்' பறப்பது நமக்குத் தெரியாததா? கோலாலம்பூரிலிருந்து சென்றவரிடம் பசை வடிவில் தங்கம் பிடிபட்டது என்ற செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! இறக்குமதித் தீர்வை உயர்ந்தால் கடத்தலில் இலாபம் கூடும். தீர்வை தாழ்ந்தால் அது குறையும். 2022-இல் 15 விழுக்காடாக இருந்த தீர்வையை 2024 ஜூலையில் 6 விழுக்காடாக இறக்கியது அதனால்தான் நல்ல முடிவு. குருவியைப் பிடிக்க விரித்த வலையில் குடும்பத்தலைவி சிக்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இனி 2026 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த புதிய விதிகள். பண வரம்பு நீங்கிற்று. எடை மட்டுமே அளவு. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த இந்தியவாசிக்கும் இந்திய வம்சாவளிச் சுற்றுலாப் பயணிக்கும், பெண்ணாயின் 40 கிராம், மற்றவர்க்கு 20 கிராம். பிற பொருள்களுக்கான பொதுச்சலுகை 50,000 ரூபாயிலிருந்து 75,000 ஆயிற்று. அயல்நாட்டு வம்சாவளிச் சுற்றுலாப் பயணிக்கு 25,000.

இங்கேதான் நம் கவனம் தேவை. நான்காம் தலைமுறை மலேசியர் ஒருவர், தாம் இந்திய வம்சாவளி என்பதை அந்த மேசைமுன் எதைக் காட்டி மெய்ப்பிப்பது? நம் கடப்பிதழில் பிறந்த மாநிலம் இருக்கும். பாட்டனாரின் ஊர் இராது. பெயரையும் முகத்தையும் பார்த்து அதிகாரி முடிவு செய்வதென்றால், அது விதியாகாது. அவருடைய அன்றைய மனநிலையாகிவிடும். மேலும், இரண்டு வாரத்தில் அதே தாலியோடு திரும்பிவிடும் பெண் எதையும் இறக்குமதி செய்யவில்லை. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி, பயணி உண்மையாக அறிவித்த பொருளைச் சுங்கத்துறையிடம் ஒப்படைத்துவிட்டு, நாடு திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். பெட்டிக்குள் இருக்கும் அட்டிகைக்கு அது பொருந்தும். தாலியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டா மீனாட்சியம்மனைப் பார்க்கப் போவது? அணிந்திருக்கும் நகையை எடைபோட்டுப் படமெடுத்து, பயணத்திற்கு முன்பே கைப்பேசி வழியாகப் பதிவு செய்யும் ஏற்பாடே இதற்கு ஏற்ற வழி.

அண்டை நாட்டையும் சற்றுப் பாருங்கள். சிங்கப்பூர் 2019 பிப்ரவரியில் பயணிகளுக்கான வரி விலக்கைக் குறைத்தது. 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கு 600 வெள்ளி 500 ஆயிற்று. குறைவாக இருந்தவருக்கு 150 வெள்ளி 100 ஆயிற்று. சலுகை சுருங்கினாலும் விதி இரண்டே வரிதான். மிகுதிக்கான வரியைக் கைப்பேசியிலேயே கட்டிவிடலாம். (அங்கும் ஒரு குறை: வேலை அனுமதியில் இருக்கும் தொழிலாளர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. மிகக் குறைந்த ஊதியம் பெறுவோரிடம் ஏன் இந்தக் கண்டிப்போ!)

மொழியையும் சொல்லியாக வேண்டும். இந்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகிறது. திருச்சியில் இறங்கும் நம் பாட்டிமார்களுக்கு இரண்டும் எட்டாது. இவ்விதிகளை நல்ல தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, பயணச்சீட்டு விற்கும் முகவர்களிடம் வைக்கும்படி கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்திற்கு நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கடிதம் எழுதலாம்.

அதுவரை, செல்வோர் நகையை எடைபோட்டு, கடைப் பற்றுச்சீட்டோடு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அளவு மிஞ்சுமானால் பச்சை வழியில் நுழைய வேண்டாம். சிவப்பு வழியில் சென்று அறிவித்து, எழுத்தில் சான்று பெறுங்கள்.