நடக்கச் சொன்னால் எங்கே நடப்பது?



கள்ளக்குறிச்சியில் வாழும் என் அக்காவுக்கு நீரிழிவு கண்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் மாத்திரையை ஒரு வேளையும் தவறவிட்டதில்லை. தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை மட்டும் நிறைவேற்றவில்லை. காரணம் கேட்டேன். "எங்கே தம்பி நடப்பது? காலையில் அடுப்பு. மாலையில் தெருவெல்லாம் வண்டியும் நாயும். தனியாகப் போனால், எங்கே கிளம்பிவிட்டாய் என்று நாலு பேர் கேட்பார்கள்" என்றார்கள்.

சர்க்கரை கட்டுக்குள் வரவேயில்லை. சென்ற ஆண்டு செருப்புக் கடித்த சிறு புண், வலி தெரியாமலே புரையோடியது. ஒரு கால்விரலை எடுக்கும்படி ஆயிற்று. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த அன்றுதான் அக்காவின் சொல் எனக்கு உறைத்தது. அது சோம்பலின் சாக்கு அன்று. நாம் எவரும் விடை கூறாத நேரான கேள்வி.

நடையின் பயன் இன்னதென்று முதலில் அறிந்துகொள்வோம். உழைக்கும் தசை, இன்சுலினை மிகுதியாக எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. அப்பயன் ஏறத்தாழ ஒருநாள் நீடிக்கும். ஆகவே தொடர்ந்து இரண்டு நாள் நடையை விடலாகாது. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. அதனைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்து, உணவுக்குப் பின் நடப்பதும் நன்று. பேச முடியவேண்டும், நீட்டி ஓத மூச்சு இடங்கொடாதிருக்கவேண்டும். அதுவே சரியான வேகம்.

நோய் வராமல் தடுப்பதிலும் நடைக்குப் பங்குண்டு. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் நோய் கண்டது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தும்படி தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களிலோ அது 39-ஆகக் குறைந்தது.

அதே 2006-இல், மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னை ஏசியாட் காலனியைப் பற்றி எழுதினர். அங்கே நோயைப் பற்றிய விளக்கம் பெற்ற குடியிருப்போர், தாமே பொருள் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்துக்கொண்டனர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தனர். அறிவுரையோடு இடமும் துணையும் சேர்ந்தபோது கால்கள் தாமே எழுந்தன.

கல்வராயன் மலைச் சிற்றூர்களில் நடை பிழைப்போடு கலந்தது. நகரத்தில் அதனை நாம் தேடி ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரசும் 2023 நவம்பர் 4-ஆம் நாள், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்ற 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும், அடுப்படியிலிருந்து அரைமணி மட்டும் விடுதலை கிடைக்கும் பெண்ணுக்குத் தன் தெருவிலேயே அல்லவா இடம் வேண்டும்?

2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து வீடு தேடி வருகிறது. மருந்து கொண்டுவரும் சகோதரியை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். எத்தனை நாள் நடந்தீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்துவைத்து அவரிடம் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது, "எனக்கு எவ்வளவு நடை ஏற்றது? என் பாதத்தைப் பார்ப்பீர்களா?" என்று நீங்களே கேளுங்கள். மாதந்தோறும் கேட்பார் உண்டெனில் நடை நிலைக்கும்.

"ஐவேளையும் தொழுகிறோமே, அது போதாதா?" என்பார் உளர். தொழுகை இறைவனுக்குரிய வணக்கம். அதனைச் சர்க்கரைக் கணக்கில் எழுதவேண்டாம். பள்ளிவாசலுக்கு விரைந்து நடந்து செல்லும் தொலைவைத் தாராளமாக எழுதலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. வெறுங்காலோடு நடக்கலாகாது. இரவில் பாதங்களைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ கொள்பவர் சிறிது வெல்லமோ சர்க்கரையோ கையில் வைத்திருக்கவேண்டும். நெஞ்சு வலித்தால் உடனே நின்று மருத்துவரிடம் செல்லவேண்டும். ஆறாத புண் உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே நடக்கவேண்டும்.

எங்கள் மதரஸாவில் பிள்ளைகள் சென்றபின், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே முற்றம் வெறுமனே கிடந்தது. நிர்வாகிகளிடம் பேசி, அந்நேரத்தைப் பெண்களுக்கென ஒதுக்கினோம். புண் ஆறி, மருத்துவர் இசைவு தந்தபின் அக்காவும் வரத் தொடங்கினார்கள். இப்போது பதினோரு பேர் நடக்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவர் வீடு தேடிச் சென்று விசாரிக்கிறார்கள்.

உங்கள் மஹல்லாவிலும் அப்படியொரு முற்றம் இருக்கும். அதன் திறவுகோல் யாரிடம் இருக்கிறதென்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த திங்கள் சந்திப்போம்.