பெயரும் வினையும்

ஒருவர் உள்ளத்தில் உள்ளதை மற்றொருவர் உள்ளத்திற்குக் கொண்டு செல்லும் கருவியே சொல் என்பர். ஆயின், அக்கருவி சில வேளைகளில் உள்ளத்தில் உள்ளதை மறைப்பதற்கும் பயன்படுகின்றது. இக்காலத்து வணிக நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் நாடோறும் புதியனவாகப் பிறந்துவரும் சொற்களின்மீது யாம் நெடுநாளாக வெறுப்புக் கொண்டிருந்தோம். அவ்வெறுப்பில் எப்பகுதி தவறென்று உணர்ந்தோம், எப்பகுதி இன்னும் எம்மை விட்டகலாது நிற்கின்றது என்பவற்றை இச்சிறு கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

யாம் பிறந்து வளர்ந்தது அம்பத்தூர். 1949இல் சைக்கிள் தொழிற்சாலையும், 1964இல் தொழிற்பேட்டையும் ஏற்பட்ட பின்னர் அவ்வூர் பட்டறைகளின் ஊராயிற்று. பேட்டையின் தெருக்களில் லேத் சுழலும் ஓசையை இன்றும் கேட்கலாம். அப்பட்டறைகளின் நடுவே கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளும் எழுந்துள்ளன. காலை வேளையில் ஒரே ஷேர் ஆட்டோவில், எண்ணெய்க் கறை படிந்த சட்டையுடன் டர்னர் ஒருவரும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க இளைஞர் ஒருவரும் தோளோடு தோள் நெருங்கி அமர்ந்து செல்வர். ஆதலின், கண்ணாடி மாளிகையில் பிறந்த சொல் பட்டறைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆவதில்லை.

அச்சொற்கள் எத்தகையன? 'இதனை உடனே ஆக்‌ஷன் பண்ணுங்கள்' என்பார் ஒருவர். 'இருக்கிற ஆட்களை லெவரேஜ் பண்ணுவோம்' என்பார் மற்றொருவர். 'அந்தப் பிராஜெக்டைச் சன்செட் பண்ணிவிட்டார்கள். என்னைப் பெஞ்ச் பண்ணிவிட்டார்கள்' என்று வருந்துவார் வேறொருவர். ஆக்‌ஷன், லெவரேஜ், சன்செட், பெஞ்ச் ஆகிய நான்கும் ஆங்கிலத்தில் பெயராய்ப் பிறந்தவை. அவற்றை மேனாட்டு வணிகர் வினையாக்கினர். நம்மவரோ அவ்வினையை மீளவும் பெயராகவே பிடித்து, 'பண்ணு' என்னும் ஊன்றுகோலொன்றைக் கொடுத்து நடக்கவிட்டனர். கதிரவன் மறைதலை மனிதர் 'பண்ண' இயலும் என்பதை யாம் அதுவரை அறிந்திலோம். பெஞ்சின்மேல் ஏறி நிற்றல் பள்ளித் தண்டனை என்று அறிந்திருந்தோம்; வேலை கொடுபடாமல் காத்திருப்பதற்கும் அப்பெஞ்சே பெயராயிற்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்த புதிதில், இவையெல்லாம் மொழிக்கொலை என்று கண்டார்க்கெல்லாம் முழங்கித் திரிந்தோம். இச்சொற்கள் அயன்மொழியின என்பது எம் முதற் குற்றச்சாட்டு; பெயரை வினையாக்குதல் முறையன்று என்பது இரண்டாவது. இலக்கணம் பயிலப் பயில அம்முழக்கம் தணிவதாயிற்று.

அயன்மொழிச் சொல்லாதலே குற்றமாயின், லேத், ஷிப்ட், போனஸ் என்பனவும் குற்றமுடையனவே. ஆனால் அவற்றால் ஏமாற்றப்பட்டவர் எவரும் இலர். லேத் இன்னதென்று எம் தெருச் சிறுவனும் அறிவான். வடசொற்கள் தமிழில் வந்து வழங்குதற்குத் தொல்காப்பியரே நெறி வகுத்துள்ளார். இனி, பெயர் வினையாதல் குற்றமாயின், முதற்கண் நம் தோட்டத்தையே கடிந்துகொள்ள வேண்டும். பூ என்பது பெயர். பூத்தது என்பது வினை. காய் காய்த்தது, கனி கனிந்தது, தளிர் தளிர்த்தது. அதுவுமன்றி, ஞாயிறுதோறும் ஆலயத்தில் யாம் வழங்கும் ஜெபி, தியானி, பிரசங்கி என்பன யாவும் வடமொழிப் பெயர்களின் ஈற்றை மாற்றி ஆக்கிக்கொண்ட வினைகளே. 'ஜெபித்தோம்' என்று நாக்கூசாது சொல்லும் யாம், பிறர் பெயரை வினையாக்குங்கால் சினத்தல் நேர்மையாகாது.

ஒரு தொழிலினர் தமக்குள் தனிச்சொல் வழங்குதலும் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறிக்கு உரைகாரர் தரும் சான்றுகள். சுடுகாட்டை 'நன்காடு' என்பதும், விளக்கை அணைத்தலைக் 'குளிரவைத்தல்' என்பதும் மங்கலம். ஆகவே ஆக்‌ஷனும் லெவரேஜும் கண்ணாடி மாளிகையாரின் குழூஉக்குறி என்று கொள்வோமாயின் வழக்கு முடிந்தது. நகைத்துவிட்டு நம் வழியே போகலாம்.

அவ்வாறாயின் வெறுத்தற்கு ஒன்றுமே இல்லையோ எனின், உண்டு. அதனை எமக்குக் கற்பித்தது நன்னூலன்று, ஒரு கடிதம்.

எம் தந்தையார் பேட்டையில் ஒரு பட்டறையில் 18 ஆண்டுகள் டர்னராயிருந்தார். 2019இல் மோட்டார் வாகனத் தொழில் நாடெங்கும் தளர்ந்தது; வாகன உறுப்புக்கள் கடையும் சிறு பட்டறைகளுக்கு வேலை குறைந்தது. அவ்வாண்டில் ஒரு சனிக்கிழமை மாலை, அவர் கையில் ஆங்கிலக் கடிதமொன்றைக் கொடுத்தனுப்பினர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். யாமோ அப்போது பள்ளி மாணாக்கர். 'நீதான் இங்கிலீஷ் படிக்கிறாயே, வாசித்துச் சொல்' என்று எம்மிடம் நீட்டினார். 'ரைட்சைசிங்' என்னும் முயற்சியால் அவருடைய 'ரோல்' திங்கட்கிழமை முதல் 'இம்பேக்ட்' ஆகின்றது என்பது அதன் சாரம். ரைட்சைசிங் என்னும் சொல் எம்மிடமிருந்த சிறு அகராதியில் இல்லை. ரைட் என்றால் சரி, சைஸ் என்றால் அளவு என்று அறிந்திருந்தோம். ஆதலின், 'சரியான அளவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் அப்பா' என்றோம்.

தந்தையார் முகம் மலர்ந்தது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் மைக்ரோமீட்டர் வைத்துக் கடைவதே அவர் தொழில். சரியான அளவு என்பது 18 ஆண்டுகளாக அவர் பெருமை கொண்ட ஒரே பொருள். தம் கைத்திறனைப் பாராட்டிப் புதிய பொறுப்பொன்று தருகின்றனர் என்றே கருதிவிட்டார். திங்களன்று துவைத்த சட்டை அணிந்து சென்றவரை வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. சிறிது நேரத்தில் ஒருவர் வந்து, 'மியூச்சுவல் செபரேஷன்' என்று தலைப்பிட்ட தாளொன்றை நீட்டினார், தந்தையார் கையெழுத்திட்டார், ஒரு சிறு தொகை பெற்றுத் திரும்பினார். அன்றிரவு அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எமக்கு இன்றுவரை ஆறாது நிற்கின்றது.

பின்னர், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற அண்டை வீட்டுப் பெரியவர் அத்தாளைப் படித்துப் பொருளுரைத்தார். அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், ஆட்குறைப்பு இன்னதென்று வரையறுத்திருந்தது. ஓராண்டிற்குக் குறையாது தொடர்ந்து உழைத்த தொழிலாளியை அவ்வாறு நீக்குங்கால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தருதல் வேண்டும். நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாட் சராசரி ஊதியம் ஈட்டுத்தொகையாக வழங்குதலும் வேண்டும் என்பது அதன் விதி. 18 ஆண்டுகளுக்கு அஃது 270 நாள் ஊதியம் ஆகும். தொழிலாளி தாமே விரும்பி விலகுதலோ அவ்வரையறையுள் அடங்காது. இன்று அச்சட்டத்தின் இடத்திற்கு 2020இல் இயற்றப்பெற்ற தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு வந்துளது. அதிலும் ஆட்குறைப்பிற்கு வரையறை உண்டு. ஆகவே செயலுக்கு எப்பெயர் இடுகின்றோம் என்பது புலவர் பொழுதுபோக்கன்று. எம் இல்லத்தில் ஒரு சொல்லின் விலை ஏறத்தாழ ஒன்பது மாத உணவாயிற்று. எம் அக்காள் அவ்வாண்டு நர்சிங் படிப்பிற் சேராது நின்றுவிட்டாள்.

இப்பொழுது அக்கடிதத்தை இலக்கணக் கண்கொண்டு நோக்குகின்றோம். தமிழில் ஒரு வினைமுற்றைச் சொல்லுங்கால், செய்தவரை முற்றிலும் மறைத்தல் எளிதன்று, விகுதி காட்டிக்கொடுத்துவிடும். 'நீக்கினேன்' என்றால் யான். 'நீக்கினோம்' என்றால் யாம். 'நீக்கினார்' என்றால் அவர். காலமும் உடன் வரும். அவ்வினையைப் பெயராக்கி 'நீக்கம்' என்று சொல்லிப் பாருங்கள். செய்தவரும் இலர், காலமும் இல்லை. மழை பெய்தாற்போல நீக்கமும் தானே நிகழ்ந்ததாகிவிடும். ரைட்சைசிங் அத்தகையதே, செபரேஷனும் அத்தகையதே. 'மறுசீரமைப்பு' என்னும் தூய தமிழ்ச்சொல்லும் அத்தகையதே என்பதை, தமிழ் பயிலும் யாம் நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். ஆங்கிலத்தை நீக்கித் தமிழை இட்டுவிட்டால் மறைப்பு நீங்கிவிடாது. பெயர் வினையாதல் நகைத்தற்குரியது. வினை பெயராதலே அஞ்சத்தக்கது.

குழூஉக்குறியும் மங்கலமும் பழமையானவையே என்றோம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பொற்கொல்லர் 'பறி' என்பது மற்றொரு பொற்கொல்லரிடம். பொன் விற்க வந்த கிழவியிடம் அச்சொல்லைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் அது வழக்கன்று, வஞ்சம். நன்காடு என்பது இழந்தவர் நெஞ்சு நோகாமைப்பொருட்டு. அக்கடிதத்தின் மென்சொல்லோ எழுதியவர் நெஞ்சு நோகாமைப்பொருட்டு.

பல நாட்டினர் ஒருங்கு தொழில் செய்யும் இக்காலத்தில், விரைவிற்கும் பொதுமைக்கும் புதுச்சொற்கள் வேண்டுமன்றோ எனச் சிலர் வினவுவர். வேண்டும் என்றே விடை கூறுவோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முற்பட்டு, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவருக்கும் புதுச்சொற்கள் பல வேண்டியிருந்தன. ஆனால் அவை தமிழ் மாணாக்கர்க்கு விளங்கும்பொருட்டு ஆக்கப்பட்டவை. புதுச்சொல்லை உரைத்துப் பார்க்கும் கல் இது ஒன்றே: கேட்பவருக்கு அது கதவைத் திறக்கின்றதா, அடைக்கின்றதா?

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இன்று கடிதம் எழுதும் இடத்தில் அமர்ந்துள்ளீர்கள். உடன்பயிலும் நண்பர்களாகிய நாமும் இன்னும் சில ஆண்டுகளில் அவ்விடத்திற்கோ, அக்கடிதம் பெறும் இடத்திற்கோ செல்வோம். உங்களுக்குள் ஆக்‌ஷனும் லெவரேஜும் பண்ணிக்கொள்ளுங்கள். அதனை யாம் தடுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய பிழைப்பைத் தொடும் கடிதத்தில் மட்டும், அவருக்கு விளங்கும் மொழியில், எழுவாயும் விகுதியும் உடைய ஒரு வினைமுற்றை எழுதுங்கள். 'நீக்குகின்றோம்' என்று எழுதக் கை நடுங்குமாயின், நடுங்கட்டும். அந்நடுக்கத்தினால் கை சற்றே நிற்கும். நின்ற கை, எழுதத்தான் வேண்டுமா என்று இன்னொரு முறை எண்ணிப்பார்க்கவும் கூடும்.