மேல்வீட்டில் சூடு, கீழ்வீட்டில் குளிர்

ஐப்பசி முடியும்போதே ரொறன்ரோவில் எம்மவர் வீடுகளில் குளிர்கால ஆயத்தம் தொடங்கிவிடும். காருக்குப் பனிச்சக்கரம் மாட்ட வேண்டும், பிள்ளைகளுக்குப் புதுச் சப்பாத்து வாங்க வேண்டும், பனி அள்ளும் சவள் எங்கே என்று தேட வேண்டும். இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் "வீட்டைக் குளிருக்கு ஆயத்தப்படுத்துகிறோம்" என்று சொல்லும்போது வீட்டின் எந்தப் பகுதியை மனதில் வைத்துச் சொல்கிறோம்? அதே கூரையின் கீழ், பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் குடும்பமும் அந்த வீட்டில்தான் வாழ்கிறது. அவர்களுடைய குளிரும் வீட்டுக்காரரின் பொறுப்புத்தான் என்பதே என் கருத்து.

1983க்குப் பின் இங்கு வந்து இறங்கியவர்களில் பலர் ஸ்காபுறோவின் பேஸ்மென்றுகளில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அன்று கீழே இருந்த பலர் இன்று மேலே இருக்கிறார்கள். கீழே இப்போது படிக்க வந்த மாணவர்களும், புதிதாக வந்த குடும்பங்களும், தனியாக வாழும் முதியோரும் இருக்கிறார்கள். கீழே இருந்து குளிரில் நடுங்கிய அனுபவம் உள்ள சமூகம் இது. அந்த அனுபவம் மாடிப்படி ஏறியதும் மறந்துபோகக் கூடாது.

வெப்பத்தை வீட்டுக்குள் பிடித்து வைக்கும் பழக்கம் எமக்குப் பிறப்பில் வந்ததல்ல. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவரானாலும், ஆந்திரத்தின் பாகாலாப் பக்கம் இருந்து வந்த தமிழரானாலும், வீடென்றால் காற்றோட்டம் வேண்டும் என்று கேட்டே வளர்ந்தோம். மார்கழி அதிகாலையில் ஒரு போர்வையை இழுத்துப் போர்த்தினால் அங்கே குளிர் முடிந்துவிடும். இங்கே மைனஸ் 20 பாகையில் ஒரு கதவுச் சந்து போதும், அறை முழுவதும் குளிர்ந்துவிட. ஆகவே இதை நாங்கள் படித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் பேர்னஸ் ஒன்று, தேர்மோஸ்ராற்றும் ஒன்று. அந்த தேர்மோஸ்ராற் மேல்வீட்டுச் சுவரில் இருக்கும். மேலே சமையல் நடக்கும், வெயில் படும், சூடான காற்றும் மேலேதான் போய்ச் சேரும். அங்கே 21 பாகை வந்ததும் பேர்னஸ் நின்றுவிடும். அந்த நேரம் கீழே சீமெந்துத் தரையிலும் அத்திவாரச் சுவரிலும் குளிர் ஊறிக்கொண்டிருக்கும். கீழே இருப்பவருக்கு அந்தப் பொத்தானைத் தொட வழியில்லை. மேலே இருப்பவருக்கோ குளிர் தெரியாது. "இங்கே நல்ல சூடாகத்தானே இருக்கிறது" என்று அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது அவருடைய தளத்து உண்மை மட்டுமே.

சட்டம் இதை வீட்டுக்காரரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடவில்லை. ஒன்ராறியோ வாடகைச் சட்டவிதிகளின்படி, வெப்பம் வழங்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையதானால், செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 20 பாகை வெப்பம் இருக்க வேண்டும். ரொறன்ரோ மாநகரின் குளிர்கால விதி 21 பாகை என்கிறது. அனுமதி பெறாத பேஸ்மென்றானாலும் வாடகையாளருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வெப்பம் இல்லையென்றால் 311க்கு அழைத்து மாநகரிடம் முறையிடலாம். ஆனால் ஊர், உறவு என்று சொல்லி வாடகைக்கு வந்தவர் அழைக்க மாட்டார். "அண்ணை இடம் தந்தவர், அவரை எப்படிக் குறை சொல்வது" என்று இரண்டு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு படுப்பார். இந்த மௌனத்தை நாங்கள் திருப்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு வேலை செய்து மோட்கேஜ் கட்டுபவருக்கு எரிவாயுக் கட்டணமும் ஏறினால் தாங்காது. ஆனால் நான் சொல்வது தேர்மோஸ்ராற்றை 25க்கு உயர்த்துங்கள் என்பதல்ல. பத்து டொலருக்குள் ஒரு வெப்பமானி வாங்கிக் கீழே இடுப்பளவு உயரத்தில் மாட்டுங்கள். வாரம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேர்னஸின் வடிகட்டியை மாற்றுங்கள். அடைபட்ட வடிகட்டி பணத்தையும் தின்னும், சூட்டையும் குறைக்கும். அத்திவாரச் சுவரின் மேல் மரச்சட்டம் அமர்ந்திருக்கும் விளிம்பில்தான் பேஸ்மென்றின் பெரிய குளிர்க்காற்று நுழைகிறது. அதை அடைத்தால் மேல்வீட்டுத் தரையும் குளிராது. வெளிக்குழாயின் வால்வை உள்ளே மூடி, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். 2015 பெப்ரவரியில் ரொறன்ரோவில் எத்தனையோ வீடுகளில் குழாய் உறைந்து தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

சூட்டைவிடப் பெரிய விடயம் உயிர். பேர்னஸ் பெரும்பாலும் பேஸ்மென்றில், வாடகையாளரின் படுக்கைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. அது பழுதானாலும், வெளிச்சுவரில் உள்ள அதன் புகைக்குழாயைப் பனி மூடினாலும், காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பலாம். பாடசாலையில் காபனோரொட்சைட்டு என்று படித்தோமே, அதுதான். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வரும். சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்தவர் எழும்பாமல் போகலாம். எரிபொருளில் இயங்கும் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே இதற்கான எச்சரிக்கைக் கருவி வைப்பதை ஒன்ராறியோ 2014 ஒக்ரோபரில் கட்டாயமாக்கியது. வாடகைப் பகுதியில் வைப்பது வீட்டுக்காரரின் கடமை. மேலே ஒன்று இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆபத்துக்குக் கிட்ட இருப்பவர் கீழே இருப்பவர்.

மின்சாரம் போனால் எரிவாயு பேர்னஸும் நின்றுவிடும்; அதன் விசிறி மின்சாரத்தில்தான் சுழல்கிறது. 1998 ஜனவரியில் கியூபெக்கையும் கிழக்கு ஒன்ராறியோவையும் உறைமழை தாக்கியபோது கியூபெக் மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். சில ஊர்களில் அது திரும்ப வாரக்கணக்கானது. 2013 டிசெம்பரில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. நத்தார் கடந்தும் இருட்டில் இருந்தவர்கள் உண்டு. அந்த நாட்களில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே நியூகாசிலில் கராஜில் மின்பிறப்பாக்கியை இயக்கியதால் இருவர் நச்சுவாயுவுக்குப் பலியானார்கள். எமக்கு மண்ணெண்ணெய் அடுப்பும் கரியடுப்பும் பழகியவை. காற்றுப் புகும் ஊர்க் குசினியில் அவை பொருத்தம். மூடிய கனேடிய வீட்டுக்குள் கரி பாபிக்கியூவை வைப்பது குடும்பத்துக்கே நஞ்சு வைப்பது போன்றது. இதைப் பெரியவர்களுக்குத் தமிழில், ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லுங்கள்.

கீழ்வீட்டுக்குப் போகும் பக்கப் பாதையையும் மறக்க வேண்டாம். முன்வாசலை வெட்டி அள்ளிவிட்டு அந்தப் பாதையில் பனியைக் குவிக்கும் வீடுகள் உண்டு. "பனி அள்ளுவது உன் வேலை" என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் பொறுப்புத் தீராது. பேஸ்மென்றில் இருந்த ஒருவர் பாதையில் வழுக்கி விழுந்த வழக்கில், அத்தகைய வரி செல்லாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. கீழ்வீட்டு யன்னலை மூடும் பனியையும் அகற்றுங்கள். தீ பிடித்தால் அதுவே வெளியேறும் வழியாகலாம்.

வாடகையாளருக்கும் கடமை உண்டு. குளிர்ந்தால் உடனே சொல்லுங்கள். மனதில் வைத்துப் புழுங்க வேண்டாம். அவணைத் திறந்து வைத்துக் குளிர்காய வேண்டாம். ஹீற்றரை நேரே சுவர்ச் செருகியில் மட்டும் பொருத்துங்கள். இங்கே மின்னழுத்தம் 120 வோல்ற். 1500 வாற் ஹீற்றர் ஒன்றே ஒரு சுற்றின் பெரும்பகுதியை எடுத்துவிடும், நீட்டிப்பு வயர் சூடாகித் தீப்பிடிக்கும். சோறு வடிக்கும்போது ஆவி வெளியேற விசிறியைப் போடுங்கள். இல்லையேல் குளிர்ந்த யன்னலில் நீராகி, சுவரில் பூஞ்சணமாகும்.

எமது சங்கங்கள் கலைவிழாவுக்கு மண்டபம் எடுப்பதுபோல, புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை இதற்காக ஒதுக்கலாம். வடிகட்டி மாற்றுவதையும் எச்சரிக்கைக் கருவியைச் சோதிப்பதையும் தமிழில் செய்து காட்டலாம். வீட்டுக்காரரும் வாடகையாளரும் ஒரே வாங்கில் இருந்து பார்க்கட்டும். அதுவரை காத்திருக்காமல், இந்த வாரமே ஒவ்வொரு வீட்டுக்காரரும் கீழே இறங்கிச் சென்று, சப்பாத்தைக் கழற்றி, அந்தத் தரையில் பத்து நிமிடம் நின்று பார்க்கட்டும். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கால்களே சொல்லும்.