நாற்பது தாண்டினவங்களுக்கு ஜிம் எதை விக்குது?

ஜிம் நடத்துறவங்க கோபப்பட்டாலும் பரவாயில்லை, இதை எழுதித்தான் ஆகணும். நாற்பது வயசுக்கு மேல உடம்பைத் தேத்தணும்னு கிளம்புற சாதாரண ஆளுக்கு நம்ம ஊர் கமர்ஷியல் ஜிம்கள்ல பெரும்பாலானவை லாயக்கில்லை. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

எடை தூக்காதீங்கன்னு நான் சொல்ல வரல. நேர்மாறு. முப்பதுக்கு மேல, பத்து வருஷத்துக்கு 3-லிருந்து 8 சதவீதம் வரை தசை கரையுதுன்னு ஒரு கணக்கு உண்டு. சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற குளுக்கோஸை பெருமளவு இழுத்து வச்சுக்கிறது தசைதான். அது குறைஞ்சா சர்க்கரை எங்க போகும்? 2023-ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவுல 10 கோடி பேருக்கு மேல சர்க்கரை நோய்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது: வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் வேகமான நடை மாதிரி ஏதாவது, கூடவே 2 நாள் தசைக்கான பயிற்சி. ஓபியில "டெய்லி வாக்கிங் போங்க"ன்னு முதல் பாதியை மட்டும் சொல்லி அனுப்புறாங்க. ரெண்டாவது பாதி அப்படியே ஜிம்காரங்க கைக்குப் போயிடுச்சு. அதை அவங்க எப்படி விக்கிறாங்கன்னு பாருங்க.

சந்தாவுல இருந்து ஆரம்பிப்போம். "மாசத்துக்கு இவ்வளவு, வருஷத்துக்குக் கட்டினா பாதிதான் சார்." ஏன் இந்தத் தாராளம்? நீங்க வரமாட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அமெரிக்காவுல ரெண்டு பொருளாதார அறிஞர்கள் இதைக் கணக்குப் போட்டு 2006-ல வெளியிட்டாங்க. மாசச் சந்தா கட்டினவங்க சராசரியா மாசத்துக்கு நாலு தடவை சொச்சம்தான் போயிருக்காங்க. ஒரு தடவைக்கு 10 டாலர் கொடுத்தே போயிருக்கலாம். அவங்களுக்கு ஆனது 17 டாலருக்கு மேல. சேர்ந்த எல்லாரும் ஒரே நாள் சாயங்காலம் வந்து நின்னா உங்க ஜிம்ல நிக்க இடம் இருக்குமா? யோசிச்சுப் பாருங்க.

அடுத்து அந்த மெஷின். செருப்பைக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க, ரெண்டு கைப்பிடியைப் பிடிங்க, ஒரு நிமிஷத்துல "உங்க உடம்போட வயசு 58"ன்னு ஒரு தாள் வரும். உங்க நிஜ வயசு 44. பதறிப்போய் பர்சனல் டிரெய்னிங் பேக்கேஜ் கட்டுவீங்க. உடம்புல லேசா மின்சாரத்தை விட்டுப் போடுற கணக்கு அது. தண்ணி குடிச்சீங்களா, இப்பதான் சாப்பிட்டீங்களாங்கிறதைப் பொறுத்தே நம்பர் மாறும். பத்து ரூபாய் இஞ்ச் டேப் போதும்: இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

இவ்வளவு மெஷின் வச்சிருக்கிற இடத்துல ஒரு பிபி கருவி இருக்கா?

எனக்கு ஆத்திரம் வர்ற இடம் இதுதான். 45 வயசுக்காரர் உள்ள வர்றார். பிபி கேக்கல, சர்க்கரை கேக்கல, என்ன மாத்திரை போடுறீங்கன்னு கேக்கல. "காலையில வெறும் வயித்துல வாங்க சார், கொழுப்பு கரையும்"ங்கிறாங்க. அவர் கிளிமிபிரைடு போடுறவரா இருந்தா, வெறும் வயித்துல கடுமையா பயிற்சி பண்ணும்போது சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். பிபி 170-ல இருக்கிறவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பாரத்தைத் தூக்கினா அந்த நேரத்துல அது இன்னும் எகிறும். 22 வயசுப் பையனுக்குப் போட்ட அதே அட்டவணைதான் இவருக்கும்.

எங்க வார்டுக்கு 46 வயசுல ஒருத்தர் வந்தார். இருபது வருஷம் நாற்காலியில உக்காந்து வேலை. ஜிம்ல முதல் நாளே நூறு ஸ்குவாட். ரெண்டாம் நாள் வலிக்குதுன்னு சொன்னதுக்கு "வலிச்சாதான் சார் வளரும்"னாங்களாம். மூணாம் நாள் சிறுநீர் கோலா நிறத்துல போயிருக்கு. தசை உடைஞ்சு அந்தப் புரதம் கிட்னியை அடைச்சா அப்படித்தான் ஆகும். சலைன் ஏத்தி, டயாலிசிஸ் இல்லாமல் தப்பிச்சார். வருஷச் சந்தாவைத் திருப்பிக் கேட்டிருக்கார், தரலையாம்!

பவுடர் கதைக்கு வருவோம். ஒரு ஸ்கூப்ல ஏறக்குறைய 24 கிராம் புரதம். நாலு முட்டையில இருக்கிறதும் அதேதான். முட்டை வேண்டாம்னா வேர்க்கடலை, கொண்டைக்கடலை சுண்டல், பருப்பு, தயிர் இருக்கு. உங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை கிலோவுக்கு ஒரு கிராம்கிட்ட. பவுடர் விஷம் இல்லை, ஆனா எந்த டப்பாவை டிரெய்னரே கையில திணிக்கிறாரோ அதை வாங்காதீங்க. ஊசின்னு யாராவது காதோரமா பேச்செடுத்தா அன்னையோட அந்தப் படியை மிதிக்கிறதை நிறுத்துங்க.

பெண்களைப் பத்தி யாருமே பேசுறதில்லை. மாதவிடாய் நின்ன பிறகு எலும்பு வேகமா தேயும், எடைப் பயிற்சி அதிகம் தேவைப்படுறது அவங்களுக்குத்தான். ஆனா காதைக் கிழிக்கிற பாட்டு, சுவரெல்லாம் சட்டையில்லாத போஸ்டர், கூடவே ட்ரெட்மில்லைத் தவிர வேற எதுவும் சொல்லித் தராத டிரெய்னர். சுடிதாரோட வர்ற 48 வயசு அக்கா மறுநாள் வருவாங்களா?

"இந்த வயசுல இனிமே என்ன"ன்னு சொல்றவங்களுக்கு: 1990-ல பாஸ்டன்ல, முதியோர் காப்பகத்துல இருந்த 90 வயசை ஒட்டின பத்து பேருக்கு கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தாங்க. 8 வாரத்துல அவங்க கால் பலம் சராசரியா ரெண்டரை மடங்குக்கு மேல ஆச்சு. பக்கத்துலயே ஆள் நின்னு, படிப்படியா ஏத்தினாங்க.

வீட்டுல ஆரம்பிக்கலாம். கையை ஊனாம நாற்காலியில உக்காந்து எழுந்திருங்க, பத்து தடவை. நம்ம தாத்தா காலத்து பஸ்கிதான் அது. சுவத்துல கை வச்சு தண்டால். அஞ்சு லிட்டர் தண்ணி கேன் ரெண்டு கையிலயும் தூக்கிட்டு ஹால்ல நடை. வாரம் ரெண்டு மூணு நாள், வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க. மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடம் பக்கத்துல இருந்தா எட்டிப் பாருங்க.

ஜிம்தான் சரின்னு பட்டா தாராளமா சேருங்க. அதுக்கு முன்னாடி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி, சர்க்கரை பாருங்க, காசு கிடையாது. நடக்கும்போது நெஞ்சை அழுத்துற மாதிரி இருந்தாலோ, அப்பா அண்ணன் யாருக்காவது சின்ன வயசுல ஹார்ட் அட்டாக் வந்திருந்தாலோ டாக்டரைப் பார்க்காம போகாதீங்க. மாசச் சந்தா மட்டும் கட்டுங்க. டிரெய்னர்கிட்ட என்ன படிச்சிருக்கீங்கன்னு கூச்சப்படாம கேளுங்க. முதல் மாசம் முழுக்க, "இன்னும் கொஞ்சம் பண்ணியிருக்கலாமே"ன்னு தோணும்போதே கிளம்பி வந்துடுங்க.

பயிற்சிக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள்ல சிறுநீர் கோலா நிறத்துல போனா, டிரெய்னருக்கு வாட்ஸ்அப் பண்ணிட்டு இருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும்.