எலும்புக்கு ஊரே டாக்டர், கட்டைக்கு யாரு?

எங்க திருத்தணிப் பக்கம் யாருக்காவது கால் உடைஞ்சா முதல்ல காதுல விழற வார்த்தை "புத்தூர் கட்டு"தான். நகரியைத் தாண்டினா புத்தூர், பஸ் ஏறினா போயிடலாம். போன வருஷம் நான் பைக்ல விழுந்து இடது கால் முட்டிக்குக் கீழ உடைஞ்சப்பவும் அதே பேச்சு. கட்டா ஆபரேஷனான்னு தெருவே ரெண்டாப் பிரிஞ்சு பட்டிமன்றம் நடத்திச்சு. நான் ஆபரேஷன் கட்சி. அந்தப் பஞ்சாயத்து இன்னொரு பதிவுக்கு, விடுங்க.

என் கேள்வி வேற மக்களே. எலும்புக்கு இத்தனை பேர் கருத்து சொன்னாங்களே, அப்புறம் எட்டு மாசம் நான் ஊன்றி நடந்த கட்டையைப் பத்தி ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா? ம்ஹூம். மச்சான் கடைக்குப் போனார், "ஒரு ஜோடி கட்டை குடுப்பா"ன்னார், அக்குள்ல வைக்கிறதை வாங்கிட்டு வந்தார். என் உயரத்தைக் கூட கேக்கலை. செருப்பு வாங்கக்கூட சைஸ் கேக்கறோம்!

உடம்பு பாரம் மொத்தத்தையும் அக்குள்ல தொங்கவிட்டு நடந்ததுல மூணாவது வாரம் விரல் மரத்துப் போச்சு. நரம்பு அழுந்துது, பாரம் உள்ளங்கையிலதான் விழணும்னு பிசியோதெரபிஸ்ட் அம்மா திட்டித் தீர்த்துட்டாங்க. அவங்க சொல்லித்தான் எல்போ கிரட்ச்சுக்கு மாறினேன். முழங்கைக்குக் கீழ வளையம் மாட்டுமே, அந்த அலுமினியம் கட்டை. (மணிக்கட்டுல பலம் இல்லாதவங்களுக்கு இது சரிப்படாது, கேட்டுட்டு வாங்குங்க.)

அளவு பெரிய வித்தை இல்லை. நேரா நின்னு கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்பு எங்க இருக்கோ, அங்க கைப்பிடி வரணும். பிடிச்சு நின்னா முழங்கை லேசா மடங்கி இருக்கணும். வளையம் முழங்கைக்கு ஒண்ணு, ஒண்ணரை இஞ்ச் கீழ. செருப்போட அளவு எடுத்துட்டு, மலைக்கோயில்ல வெறுங்கால்ல நின்னா கணக்கு மாறிடும். என் செருப்பு தடிமன், ஒரு ஓட்டை இறக்க வேண்டியிருந்தது.

முகாம்ல இலவசமா வாங்கறவங்களுக்கும் இதேதான். கான்பூர் அலிம்கோ செய்யற கட்டையெல்லாம் மத்திய அரசோட அடிப் திட்டத்துல கொடுக்கறாங்க, நல்ல விஷயம். ஆனா போட்டோவுக்கு நிக்கறதுக்கு முன்னாடி "அளவு வெச்சுக் குடுங்க"ன்னு கேளுங்க. சும்மா வர்றதுதானேன்னு கூச்சப்படாதீங்க. தப்பான உயரத்துக்குத் தோள்பட்டைதான் வட்டி கட்டும்.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டும் நான் விழுந்தேன், அதுவும் எங்க வீட்டு வாசல்ல. காலையில அம்மா தண்ணி தெளிச்சு கோலம் போட்டிருந்தாங்க. கட்டை சர்ருனு வழுக்கிடுச்சு. அடி ரப்பரைத் திருப்பிப் பாத்தா பழைய பஸ் டயர் மாதிரி மொழுமொழுன்னு தேஞ்சு கிடந்தது. அப்புறம் பத்து நாள் அம்மா வாசல் தெளிக்கவே இல்லை. அவங்க மேல என்ன தப்பு? வாரம் ஒருதரம் அதைத் திருப்பிப் பாக்காதவன் நான்தானே. கட்டை வாங்கறப்பவே அகலமான அடி ரப்பரா பாத்து ரெண்டு செட் கூடுதலா வாங்கி வெச்சுடுங்க.

இன்னொண்ணு, உதவறேன்னு ஓடிவந்து கட்டை பிடிச்ச கையைப் பிடிக்காதீங்க சாமிகளா. அதான் எங்களுக்குக் காலு. "எங்க பிடிக்கட்டும்"னு கேட்டா போதும்.

ஆடிக் கிருத்திகை முடிஞ்சு கூட்டம் குறைஞ்சப்புறம் மலைக்குப் போனோம். நான் படியேறி வரேன்னு அம்மா வேண்டியிருந்தாங்க. என்னால ஆகாதுன்னு ஆட்டோவுல ரோடு வழியாப் போயிட்டேன். அம்மாவுக்குக் கோபம். என் வேண்டுதலை நானே முடிச்சுக்கறேன்னு, 365 படியும் ஏறி வந்தாங்க. மேல வந்து மூச்சு வாங்கிக்கிட்டே கேட்ட முதல் கேள்வி:

"தரை ஈரமா இருக்கு. ரப்பர் பாத்தியாடா?"