அவர்களுடைய சாயங்காலம்

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் பாக்கெட் சாராயம் குடித்துச் செத்துப்போனவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசினோம். விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் சேர்த்து இருபது பேருக்கு மேல். மெத்தனால் எங்கிருந்து வந்தது, விற்றவன் யார், எந்த அதிகாரியை இடைநீக்கம் செய்தார்கள் என்றெல்லாம் பேசினோம். செத்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது, “குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?” என்று கடைத்தெருவில் கேட்டதும் நாம்தான். செத்தவர்களில் பெண்களும் இருந்ததைப் பற்றி நாம் வாய் திறக்கவில்லை. வேலை முடிந்த மனிதர்கள் சாயங்காலம் போய் உட்கார இந்தக் கரையில் வேறென்ன இடம் வைத்திருக்கிறோம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

வந்தவரை உட்கார வைத்த கரை இது. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வள்ளல் நல்லியக்கோடனைத் தேடிப்போகும் பாணர்கள் வழியில் இங்கே தங்கினால், அலை ஒதுக்கிய அகில்கட்டையில் மூட்டிய தீயில் மீனவப் பெண்ணான நுளைச்சி காய்ச்சி அரித்த கள்ளும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும் என்கிறார் அதைப் பாடிய நத்தத்தனார். பசியோடு வரும் பாட்டுக்காரருக்குக் குடிசைதோறும் அந்த விருந்து.

கள்ளுக்கடையைத் திறக்கச் சொல்லி இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடையில் இருக்கிறது; அது சரியா தப்பா என்பது வேறு வழக்கு. நான் பேசுவது கூடி உட்காரும் இடத்தைப் பற்றி. அயர்லாந்தில் ஒரு கிராமத்து பப் மூடப்பட்டால், ஊரே ஒன்றை இழந்ததாக நினைக்கிறார்கள். 2005க்குப் பிறகு அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பப்கள் மூடியிருக்கின்றன. சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டதும், ஊர் ஆட்டக்காரர்கள் கூடியதும், பிடில் வாசித்ததும் அங்கேதான் என்பதால் வரும் துக்கம் அது. நம் டாஸ்மாக் பாரில் அப்படி என்ன நடக்கிறது? தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளருமாக அவசரமாகக் குடித்துவிட்டு, முகம் காட்டாமல் எழுந்து போகிறார்கள். பாருக்குப் போகக் காசு இல்லாதவர் குப்பத்துச் சந்தில் பாக்கெட் தேடுகிறார். விற்கிறவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். நமக்கும் தெரிந்திருந்தது.

இந்தக் கரையின் உப்பளத்து வேலை விடியுமுன் தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறுமுன் உப்பு வாரிக் கரையேற்றியாக வேண்டும். பாத்தித் தண்ணீர் தின்ற பாதத்தோடு தொழிலாளர்கள் வீடு திரும்பும்போது, பகலில் பாதிகூட முடிந்திருக்காது. வடகிழக்கு மழை இறங்கினால் அளமே மூழ்கி, மாதக்கணக்கில் வேலை இல்லை. அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் அரிசிக்கும் கடனுக்கும் போய்விடும். அந்த நீண்ட மாலைகளைப் பற்றி ஆசிரியர்களும் கடைக்காரர்களும் கட்சிக்காரர்களுமான நாம் யோசித்ததே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் கல்யாண மண்டபம் கட்டினோம், வளைவு கட்டினோம், கொடிக்கம்பம் நட்டோம். உட்காரத் திண்ணை கட்டவில்லை.

டீக்கடை பெஞ்சு இருக்கிறதே என்பார்கள். அதில் உப்பு சுமந்த பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் கூடிச் சிரிக்க மாசி மகம் ஒன்று உண்டு. சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும் அந்த ஒரு நாள். மற்ற நாளில் குழாயடியும் ரேஷன் கடை வரிசையும்தான். ஆண்களின் குடியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம், இவளுடைய மாலையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதுதான் எனக்கு நம் குற்றங்களில் பெரிதாகப் படுகிறது.

வரும் மழைக்காலத்துக்குள் பள்ளிக்கூட வராந்தாவையோ வலை பின்னும் கூடத்தையோ மாலையில் திறந்துவைக்கக் கேட்கலாம்; விளக்கும் ஒரு டீப் பாத்திரமும் நாம் கொடுக்கலாம். எந்த இடம், எந்த நேரம் என்பதை அளத்துப் பெண்களிடம் முதலில் கேட்க வேண்டும்.